சாமிநாதையரவர்கள் கற்றதும் திருந்தியதும்

கல்லாமையினும் கொடியதொன்று உளதாயின் அது கற்று முடித்தோமென்னும் நினைவேயாம். கல்லாதவன் தனக்கு ஒன்று தெரியாதென்பதை உணர்வான்; உணர்தலாற் கற்றாரை அடுத்துக் கேட்கவும் செய்வான். கற்று முடித்தோமென்பவனுக்கு அவ்வாயில் அடைபட்டுப்போம். புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டி நிற்குமென்றும், ஆணவவிருளோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைத்து நிற்குமென்றும் நம் சித்தாந்த சாத்திரங்கள் கூறுகின்றன. இதனை உயிரின் கேவல நிலைக்கு உரைப்பதோடு நாம் பெரும்பாலும் அமைந்துவிடுகின்றோம். நூல் பயிலும் நாட்களிலும் அவ்விருள் நம்பால் இவ்வாறே தொழிற்படுதலை ஒரு பெரியார் வரலாற்றில் வைத்துக் காண்டல் பயனுடைத்தாகும். அப்பெரியார் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள். அவர்களுடைய பதிப்புக்களின் சிறப்பைப் பலரும் பலகாற் பேசியுள்ளனர். யாம் ஈண்டுக் கூறப்புகுவது, இருபத்தைந்து வயதிற் புலமை நிரம்பியவரென மதிக்கப்பெற்ற ஒருவர், தாம் கல்லாதன எத்துணையவென ஒரு நாளிற் கண்டு, மீண்டும் மாணாக்கராகித் தொடங்கி, வாழ்நாளின் இறுதிகாறும் அம்மாணாக்க நிலையினின்று நீங்காதிருந்த வரலாறேயாம்.

தஞ்சை நாட்டிற் பாபநாசத்தை அடுத்துள்ள உத்தமதானபுரம் ஐயரவர்களின் முன்னோர் ஊர். தாயார் சரசுவதியம்மாள் பிறந்த சூரியமூலை என்னும் ஊரில் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அவர்கள் தோன்றினார்கள். இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் வழங்கிய பெயர் சாமிநாதன். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைப்புலவர். தம் மைந்தரும் இசையிலே வல்லராதல் வேண்டுமென்பது அவர் விருப்பம். மைந்தருக்கோ தமிழின்மேல் தணியாத வேட்கை உண்டாயிற்று. குடும்பம் வறுமையில் உழன்றது. ஓரூரினின்று மற்றோரூருக்குச் செல்வர்களின் ஆதரவை நாடிச் சென்றுகொண்டேயிருந்தது. அவ்வலைச்சலினிடையே அரியலூர்ச் சடகோபையங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, கார்குடிக் கஸ்தூரி ஐயங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் முதலியோரிடம் ஆங்காங்கே கிடைத்ததைக் கிடைத்தவாறே கற்றார்கள். ஓராசிரியர் தமக்குத் தெரிந்ததனைத்தையும் சொல்லி முடித்தபின் மற்றோராசிரியரைத் தேடிச் செல்லும் இவ்வழக்கம், பிற்காலத்து ஏடு தேடி ஊரூராக நடந்த நடைக்கு ஒரு தொடக்கம் போலும்.

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் மாயூரத்தில் எழுந்தருளியிருந்த காலத்தே, 1871ஆம் ஆண்டில், தந்தையார் மைந்தரை அழைத்துச்சென்று அவர்களிடம் ஒப்புவித்தார். சாமிநாதன் என்னும் பெயரையே பிள்ளையவர்கள் விரும்பி வழங்கியமையால் அப்பெயரே நிலைபெற்றது. மாயூரத்திற் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்கும் வாய்ப்பும் அப்பொழுது நேர்ந்தது. அஃது தமிழ்ப் பயிற்சிக்கு இடையூறாகுமெனப் பிள்ளையவர்கள் கருதியதை அறிந்தவுடன் அதனை விடுத்தார்கள். தந்தையார் விருப்பத்துக்கும் ஆசிரியர் கருத்துக்கும் இடையே நின்ற ஓரிளைஞருக்கு இஃது எளிய செயலன்று. ஆசிரியர் செய்யுள் சொல்லச்சொல்ல ஏட்டில் எழுதும் பணியும் அவர்களுக்கு வாய்த்தது. உடன் பயின்றோருள் தம்பிரான்மார் இருந்தனர். கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளையும் இருந்தார். சமயம் வேறுபட்ட ஒருவர் சைவப் பேரறிஞரின் அன்புக்குரிய மாணாக்கராய் அமர்ந்திருந்ததை நாடோறும் கண்டிருந்த கண்கள் அவை.

பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனமே அவர்களுடைய கல்விக்கு இருப்பிடமாயிற்று. மேலகரம் சுப்பிரமணிய தேசிகரவர்கள் அக்காலத்து ஆதீனத் தலைவர். வடமொழி தென்மொழி இசை மூன்றினையும் அறிந்து அறிந்தாரைப் போற்றியவர். 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் சிவபதம் எய்தியபின் தேசிகரவர்களே ஐயரவர்களைத் தாங்கினார்கள். தாமே பாடஞ் சொன்னார்கள். பிறர்க்குப் பாடஞ் சொல்லும் பணியையும் அளித்தார்கள். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், கலம்பகங்கள், தலபுராணங்கள், நைடதம், பெரியபுராணம், கம்பராமாயணம், இலக்கண நூல்கள் என அவர்கள் கற்றவற்றைத் தொகுத்தெண்ணினும் எண்ணிக்கை பெரிதாகும். அக்காலத்துப் புலமைக்கு அளவுகோலாய் இருந்தவை இந்நூல்களே. இவற்றை நன்கு கற்றவர் எல்லாம் கற்றவரெனவே மதிக்கப்பெற்றார்.

1880ஆம் ஆண்டு பிப்ரவரியிற் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியின் தமிழாசிரியர் தியாகராச செட்டியார், தாம் ஓய்வு பெறுங்காலத்து, அவ்விடத்துக்கு ஐயரவர்களே தக்காரெனத் துணிந்து அமரச் செய்தார். அந்நன்றியை மறவாது, பிற்காலத்துச் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் தியாகராச விலாசமெனப் பெயரிட்டார்கள். கல்லூரியில் மாணாக்கர் மதித்தனர், உடனாசிரியர் போற்றினர், மடத்தின் அருளும் குறைவின்றி இருந்தது. இனிக் கற்பதற்கு என்ன உளதெனும் எண்ணம் தோன்றுதற்கு இதனினும் ஏற்ற நிலை யாது?

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் நிகழ்ந்தது தமிழுலகம் அறிந்த நிகழ்ச்சியே. ஆயினும் அதன் உட்பொருளை நாம் மறுபடியும் நினைத்தல் தகும். சேலம் இராமசாமி முதலியார் என்பவர் கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றம்பெற்று வந்திருந்தார். தேசிகரவர்கள் சொல்லியவாறு ஐயரவர்கள் அவரைக் காணச் சென்றார்கள். முதலியார் யாரிடம் பாடங்கேட்டீர் என வினவ, பிள்ளையவர்கள் பெயரைச் சொன்னால் மனங்கனிவாரென எதிர்பார்த்தார்கள். அவர் முகத்தில் மாறுதல் இல்லை. என்னென்ன கற்றீர் என்ற வினாவுக்கு அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என நெடிய பட்டியலைச் சொல்லிச் சென்றார்கள். அதற்கும் அவர் வியக்கவில்லை. இவற்றாற் பயன் என்னையென்றும், இவற்றுக்கெல்லாம் மூலமாகிய பழைய நூல்களைக் கற்றதுண்டோ என்றும் கேட்டார். சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் எனப் பெயர்களை அவர் எடுத்துச் சொல்லவே, அவற்றைத் தாம் கற்றதில்லையென ஐயரவர்கள் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தம் ஆசிரியரும் அவற்றைப் பாடஞ்சொன்னதில்லையே என்னும் நினைவு உள்ளத்தை வருத்தியது. ஏடு கிடைக்குமாயின் அவற்றையும் கற்று அறியும் துணிவு தமக்கு உண்டென்று ஓரளவு பெருமிதத்தோடு விடை கூறினார்கள்.

ஆண்டுத் தோன்றிய நிலைகள் இரண்டு. குறையை மறையாது ஒப்பிய நேர்மை ஒன்று. ஏடு மட்டும் கிடைத்தாற் போதும், பொருள் தானே விளங்குமென்னும் துணிவு மற்றொன்று. முன்னது அவர்களை உயர்த்தியது. பின்னதனைச் சிந்தாமணியே திருத்தியது. முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை அளித்து ஓதிவரும்படி வேண்டினார். வீட்டுக்குக் கொணர்ந்து பிரித்தபொழுது ஐயரவர்களின் பெருமிதம் சில பாடல்களளவும் நில்லாதாயிற்று. சொற்கள் தமிழ்ச்சொற்களே, தொடரும் விளங்குவது போலவே இருந்தது, பொருளோ அகப்படவில்லை. நச்சினார்க்கினியருரை உதவிக்கு வருமென்றால், அவ்வுரை மேற்கோள் காட்டும் நூல்கள் எவையென்றே தெரியவில்லை. மூலமும் உரையும் ஒன்றோடொன்று கலந்திருந்தன. ஏடெழுதுவோர் புள்ளியிடார், எகர ஏகாரங்களை வேறுபடுத்தார், ஆதலின் ஒரு சொல்லையே பலவாறு படிக்க இடமுண்டு. இவை எல்லாவற்றினும் பெரிய தடை ஒன்றிருந்தது. அது சைன சமயக் கருத்துக்களை அறியாமை.

இவ்வறியாமைக்குக் காரணம் நாம் அறிந்ததே. அநபாய சோழன் சிந்தாமணியிற் பெருவிருப்புற்றிருந்தமை கண்டு, அவனை அதனினின்றும் திருப்பச் சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்தை அருளினாரெனச் சேக்கிழார் புராணம் கூறும். அவ்வரலாற்றைக் கேட்டு வளர்ந்த சைவச் சூழலிற் சிந்தாமணி பாடமாக வழங்காமை வியப்பன்று. எனினும் விலக்கப்பட்டதென்று வைத்த நூல் நாளடைவில் அறியப்படாத நூலாயிற்று. அறியப்படாத நூல், அறியவேண்டாத நூலென மதிக்கப்பட்டது. பதின்மூன்று இலம்பகங்களும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களும் உடைய ஒரு பெருங்காப்பியம் இவ்வாறு தமிழ் கற்றார் கண்ணுக்கு மறைந்து நின்றது. கற்றோர் கல்வியே கண்மறைப்பாய் நின்றமைக்கு இஃது ஒரு சான்று.

ஐயரவர்கள் செய்தது யாது? தாம் கல்லூரி ஆசிரியரென்பதையும் மடத்துப் புலவரென்பதையும் ஒருபுறம் வைத்துக் கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களை நாடிச் சென்றார்கள். அவர்கள் பெரும்பாலும் வணிகர். இலக்கணம் கற்றுப் பட்டம் பெற்றவரல்லர். சந்திரநாத செட்டியார் என்பவர் ஏனைச் சைன அன்பர்களிடம் அழைத்துச் சென்றார். ஓர் இல்லத்து வாயிலிற் கோலமும் தோரணமும் கண்டு யாது விசேடமென வினவியபொழுது, அன்று சிந்தாமணி பாராயணம் நிறைவெய்திய நாளென்னும் விடை கிடைத்தது. பொருளறிவார் யாரென்று தாம் தேடித் திரிந்த நூல், தாம் வாழும் ஊரிலேயே ஒருசாராரால் அன்போடு ஓதப்பெற்றும் கேட்கப்பெற்றும் வந்ததை அறிந்து வியந்தார்கள். அவர்கள்பால் ஐயங்களைக் குறித்துக்கொண்டுபோய் வினவினார்கள். ஆன்றோர் வாக்கைக் கேட்பதுபோலக் கேட்டார்கள். புலவர்க்கு விளங்காத சொற்கள் அவ்வில்லங்களில் நாள்வழக்காய் இருந்தன. சைன சமயக் கோட்பாடுகள் தெளியத் தெளியத் திருத்தக்கதேவர் பாடலும் தெளிந்தது.

எம்முடைய குறை ஒன்றை ஈண்டுச் சொல்லல் தகும். யாம் பல்லாண்டு சிவஞான சித்தியார்ப் பரபக்கம் பாடஞ்சொல்லி வந்தோம். நிகண்டவாதியை மறுக்கும் பகுதியில் எமக்குத் தடையே நேர்ந்ததில்லை. ஒருநாள் இளமாணாக்கர் ஒருவர், மறுப்பு விளங்கிற்று, மறுக்கப்படுவோர் தம் நூல்களில் தத்துவங்களை எவ்வாறு வகுத்துள்ளார் எனக் கேட்டார். உயிர், உயிரல்லது, ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு, வீடு என அவர்கள் கூறும் ஏழனையும் முறையாகச் சொல்ல எமக்கு அன்று தெரியவில்லை. வினாவை வேண்டாததென்று அடக்கி மேற்சென்றோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. பகையென்று எண்ணிய ஒருவன் முகத்தையே காணாது வாளோச்சினேம் என்பது புலனாயிற்று. அதன்பின் அவர்கள் நூல்களை வாங்கிக் கற்று, அம்மாணாக்கரை அழைத்து, அன்று சொல்லாததைச் சொன்னோம். அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்தைச் சுபக்கத்துக்கு முன் வைத்த முறையின் பயன் எமக்கு அப்பொழுதே சிறிது விளங்கியது. ஐயரவர்கள் இருபத்தைந்து வயதிற் பெற்ற பாடம் எமக்கு ஐம்பதைக் கடந்தபின் கிடைத்தது.

இனி வரலாற்றைத் தொடர்வோம். நச்சினார்க்கினியர் பெயர் கூறாது எடுத்துக்காட்டும் அடிகள் எந்நூலனவென அறிய ஐயரவர்கள் பெரிதும் முயன்றார்கள். திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையிற் பழைய சுவடிகளைப் புரட்டியபொழுது, பத்துப்பாட்டைச் சார்ந்த பாடல்களும் எட்டுத்தொகை நூல்களும் அகப்பட்டன. உரையிற் கண்ட அடிகள் அங்கே தம் இடத்தில் நின்றதைக் கண்டு அவர்கள் பெற்ற இன்பம் அளவிலது. அச்சுவடிகள் அவர்கள் பலகாலம் பழகிய மடத்திலேயே இருந்தவை என்பதை நாம் மறத்தலாகாது. இருந்தும் அவற்றைத் தேடும் கண் இல்லை. தேடும் கண்ணைத் தந்தது தம் குறையுணர்ந்த உள்ளம்.

பல ஊர்களினின்றும் பிரதிகளை வருவித்து ஒப்புநோக்கி, முன்னரே கையொப்பமிட்டுப் பொருளுதவிய அன்பர் துணைகொண்டு, விடுமுறைதோறும் சென்னைக்குச் சென்று அச்சினைப் பார்வையிட்டு, 1887ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியை நச்சினார்க்கினியருரையோடு வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தேசிகரவர்கள் பரிபூரணமடைந்தார்கள். தம்மை வளர்த்த கை மறைந்த அத்துயரோடு மற்றொன்றும் சேர்ந்தது. பதிப்பிற் பிழைகள் மலிந்தனவெனக் கண்டனங்கள் அச்சாகி வெளிவந்தன. சிலவற்றில் நூலாராய்ச்சியினும் அழுக்காறே மிக்கிருந்தது. ஐயரவர்கள் மனம் நொந்து விரிவாக மறுப்பெழுதி, உடனாசிரியராகிய சாது சேஷையரிடம் கொண்டுசென்று காட்டினார்கள். அவரோ அம்மறுப்பைக் கிழித்துவிட்டு, இத்தகையவற்றுக்கு விடையெழுதத் தொடங்கினால் வாழ்நாள் அதற்கே செலவாகுமென்றும், செய்யவேண்டிய பணி வேறு உளதென்றும் அறிவுறுத்தினார். ஐயரவர்கள் அதனை ஏற்று, கண்டனங்களுக்கு மறுப்பெழுதுவதில்லையென உறுதிகொண்டார்கள்.

இவ்வுறுதியைச் சிலர் பொறுமையென்று மட்டும் கூறுவர். யாம் அதனினும் மேலாக ஒன்றைக் காண்கின்றோம். தம் பதிப்பு முற்றும் பிழையற்றதெனச் சாதிப்பதற்கு மறுப்பு வேண்டும். தம் பதிப்பைப் பிழையற்றதாக்குதற்கு உழைப்பு வேண்டும். அவர்கள் பின்னதனைத் தெரிந்துகொண்டார்கள். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும், ஐங்குறுநூறு 1903இலும், பதிற்றுப்பத்து 1904இலும் வெளிவந்தன. ஒவ்வொரு நூலும் வெளிவருந்தோறும் சிந்தாமணியுரையில் இருண்டிருந்த இடங்கள் ஒவ்வொன்றாக ஒளி பெற்றன. இருபதாண்டு கழித்து 1907இற் சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பைத் திருத்தி வெளியிட்டார்கள். முதற்பதிப்பின் குறைகளுக்கு அவர்கள் தந்த விடை அவ்விரண்டாம் பதிப்பேயாகும். 1922இல் மூன்றாம் பதிப்பும் வந்தது. தாம் அச்சிட்டதைத் தாமே திரும்பத் திரும்ப ஐயுற்று ஆராய்தல், புகழ் பெற்றபின் எவர்க்கும் அரிது.

பிழைக்கு அஞ்சிய அவ்வுள்ளம் பதிப்பிக்கும் முறையிலும் புலனாகும். பிரதிகளில் வேறுபாடு கண்டால் ஒன்றனைத் தம் விருப்பப்படி கொண்டு மற்றவற்றை மறைத்தலைச் செய்யார். பாடபேதமெனக் கீழே காட்டுவார்கள். ஏடு சிதைந்த இடத்திற் புள்ளியிட்டு வெற்றிடம் விடுவார்கள். ஓசைக்கும் பொருளுக்கும் பொருந்தும் ஒரு சொல்லைத் தாமே இட்டு நிரப்பவல்ல செய்யுட்புலமை அவர்களுக்கு நிரம்ப இருந்தது. அதனை அடக்கிக்கொண்டதே பெருமை. குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிக் கூறும் பகுதியில் மூன்று பூக்களின் பெயர்கள் கிடைத்த பிரதிகளிற் சிதைந்திருந்தன. ஏதேனும் மூன்று மலர்ப்பெயர்களைப் பெய்து முடித்தல் அவர்களுக்குக் கணப்பொழுதின் வேலை. அவர்களோ தருமபுரம் ஆதீனத்துக்குச் சென்று, அங்குள்ள சுவடிக் கட்டுக்களை அவிழ்த்துத் தேடித் தேடி, அப்பெயர்கள் சிதையாதிருந்த ஏட்டினைக் கண்டெடுத்தார்கள். மூன்று சொற்களுக்கு இத்துணைப் பாடு வேண்டுமோவென்பார் உளராயின், வேண்டுமென்பதே அவர்கள் வாழ்க்கை கூறும் விடை.

மணிமேகலையில் மற்றொருமுறை அவர்கள் தொடக்க மாணாக்கரானார்கள். சைனம் கற்றமையாற் பிற சமயமெல்லாம் எளிதில் விளங்குமென நினைத்திருப்பின் ஆண்டும் இடறியிருப்பார்கள். பௌத்தம் வேறு உலகம். அதனைப் பயில்வார் தமிழ்நாட்டில் அந்நாளில் அரியர். வினவுதற்குச் சைனர் இல்லம்போல ஓரில்லமும் இல்லை. கல்லூரியில் உடனாசிரியராயிருந்த மளூர் ரங்காசாரியர் ஆங்கிலத்தில் வெளிவந்த பௌத்த நூல்களைக் கற்றவர். ஐயரவர்கள் ஆங்கிலம் பயிலாதவர்கள். ரங்காசாரியர் அந்நூல்களின் பொருளை எடுத்துரைக்க, மாணாக்கர் போல அமர்ந்து கேட்டு, மணிமேகலையின் அரும்பகுதிகளுக்குப் பொருள் கண்டார்கள். கடல்கடந்த நாட்டறிஞர் ஆய்ந்து எழுதியதை ஒரு வைணவர் எடுத்துரைக்க, சைவ மடத்திற் பயின்ற ஒரு ஸ்மார்த்தர் கேட்டுப் பௌத்த காப்பியத்தைத் தமிழர்க்கு மீட்டுக் கொடுத்தார். புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்பனவற்றையும் எழுதி, தாம் அரிதிற் கற்றதைப் பிறர் எளிதிற் கற்க வழிசெய்தார்கள்.

ஈண்டு ஒரு வினா எழும். புறச்சமய நூல்களில் இத்துணைக்காலம் ஈடுபட்டவர்க்குத் தம் சமயப்பற்றுத் தளராதோ என்பர் சிலர். அவர்கள் வரலாற்றில் அதற்குச் சான்றில்லை. பெரும்பற்றப்புலியூர் நம்பியின் திருவாலவாயுடையார் திருவிளையாடற் புராணத்தை 1906இற் பதிப்பித்தவர்களும் அவர்களே. தம் ஆசிரியர் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டு, அதன்கண் மடத்தின் கல்வி வாழ்க்கையை நம் கண்முன் நிறுத்தினார்கள். பழைய நூல்களைத் தம் ஆசிரியர் பாடஞ் சொல்லவில்லையே என்று ஒருநாள் வருந்திய மாணாக்கர், அதுபற்றி ஆசிரியரைச் சிறிதும் குறைத்துக் கூறாமை கருதத்தக்கது. புதிய நூலைக் கற்கும் வன்மையைத் தமக்கு அளித்ததே அப்பழைய பயிற்சிதான் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். திருந்துதல் வேறு, வேரை வெறுத்தல் வேறு.

மடங்களையும் திருக்கோயில்களையும் சார்ந்த நாம் மறத்தற்கரிய நிகழ்ச்சி மற்றொன்றுண்டு. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க்குச் சென்றபொழுது, அத்திருக்கோயிலில் வரகுணபாண்டியர் காலத்துச் சுவடிகள் இருந்தனவென்று கேள்வியுற்று வினவினார்கள். பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்தல் ஆகம விதியென்று கருதி அவை ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டனவென அங்கிருந்தார் கூறினர். கேட்ட ஐயரவர்கள் உள்ளம் எரிந்தது. இட்டவர் தீயோரல்லர், விதியை நிறைவேற்றினோமென்னும் அமைதியோடு இட்டவர். பழைய ஏட்டைப் படியெடுத்துக்கொண்டு பின்பு சிதைந்ததை ஆகுதி செய்திருப்பின் விதியும் பிழைக்காது, நூலும் பிழைத்திருக்கும். ஒருவன் கல்லாமையால் நேரும் இழப்பை அவனே பின்பு கற்று ஈடுசெய்யலாம். தீயிற் புகுந்த ஏட்டுக்கு இரண்டாம் பதிப்பில்லை. பிழைகளுள் திருத்தக்கன உண்டு, திருத்தலாகாதன உண்டு என்னும் வேற்றுமையை இந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகின்றது.

1903ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம்பெற்று, 1919 வரை ஆண்டுப் பணிபுரிந்தார்கள். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் வந்தன. பட்டங்கள் வந்தபின்னும் வேலை மாறவில்லை. 1937ஆம் ஆண்டிற் குறுந்தொகையைத் தாமே எழுதிய உரையோடு வெளியிட்டபொழுது அவர்களுக்கு வயது எண்பத்திரண்டு. அந்நூலுக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதிய பழையவுரை கிடைத்திலது. சிந்தாமணியிற் கைகொடுத்துச் சென்ற உரையாசிரியர் துணை இங்கில்லை. ஆயினும் 1880இல் ஒரு பாடலுக்குப் பொருள் காணாது திகைத்த அதே ஐயரவர்கள், ஐம்பத்தேழாண்டு கழித்து ஒரு தொகைநூல் முழுமைக்கும் உரைகாண வல்லராய் நின்றார்கள். அவ்விரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவார்க்கு, வளர்ச்சியென்பது யாதென வேறு விளக்கம் வேண்டா.

தம் வரலாற்றை என் சரித்திரம் என்னும் பெயரால் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்தார்கள். அது முற்றுப்பெறாது நின்றது. இராமசாமி முதலியார் முன்னிலையில் தாம் நின்ற நிலையை அதன்கண் மறையாது எழுதியுள்ளார்கள். அவர்கள் எழுதாதிருந்தால் அந்நிகழ்ச்சியை உலகம் அறிந்திராது. புகழின் உச்சியில் நின்று தம் அறியாமையைத் தம் கையாலேயே எழுதிவைத்தல் பெருமக்கட்கே இயல்வது. 1942ஆம் ஆண்டு, போர்க்காலத்துச் சென்னையைவிட்டுத் திருக்கழுக்குன்றத்திற் சென்று தங்கியிருந்தபொழுது, ஏப்ரல் 28ஆம் நாள் இறைவன் திருவடி சேர்ந்தார்கள். அவர்கள் தொகுத்த சுவடிகளையும் நூல்களையும் காக்க 1943இல் நிறுவப்பெற்ற நூல்நிலையம் சென்னையில் அவர்கள் பெயரோடு விளங்குகின்றது.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கன சிலவே. கற்றோமென்று எண்ணியிருக்கும் பட்டியலை ஆண்டுக்கொருமுறையேனும் எடுத்து, கல்லாதவற்றின் பட்டியலை அதனருகே எழுதிவைத்தல் வேண்டும். மறுக்கும் நூலையும் அந்நூலுடையார் வாயிலாகக் கேட்டபின் மறுத்தல் வேண்டும். பிழை சுட்டுவார் சொல்லில் வெம்மையிருப்பினும் அதனை நீக்கிப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளல் வேண்டும். மடத்துச் சுவடிக் கட்டுக்கள் அவிழ்க்கப்படாது கிடத்தல் கூடாது. நம் காலடியிலுள்ள கட்டில் எந்த மூன்று பூக்களின் பெயர்கள் காத்திருக்கின்றனவோ யாரறிவார்? தன்னை மறைத்து நிற்கும் இருள் தானே விலகுவதன்று. குருவருளும் நூலருளும் கூட, சிலவேளை முன்பின் அறியாத ஒருவர் கேட்கும் வினாவும் அதனை விலக்கும் விளக்காகின்றது. அவ்வினாவைக் கேட்குங்கால் சினவாது நிற்கும் உள்ளத்தை நம் அனைவர்க்கும் அம்பலவாணர் திருவருள் அளிப்பதாக.